நான்கு தடைகளும் ஒரு கையொப்பமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் தொடங்கப்பட்ட 1920களில் இந்நாட்டுப் பெண்களுக்குச் சட்டமும் வழக்கமும் விதித்திருந்த தடைகள் பல. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெண் வாக்களிக்க முடியாது. சட்டம் படித்துத் தேறினாலும் இந்நாட்டு நீதிமன்றத்தில் வழக்குரைக்க முடியாது. ஆணோடு ஒரே தோட்டத்தில் நாள் முழுவதும் உழைத்தாலும் அவனுக்குரிய சம்பளத்தைப் பெற முடியாது. வடமாகாணத் தமிழ்ப் பெண்ணாயின், பெற்றோர் தன் பெயருக்கு எழுதித் தந்த சீதனக் காணியைக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது.

முதலாவது தடை 1931 இல் நீங்கியது. இரண்டாவது 1933 இல் நீங்கியது. மூன்றாவது, சட்டப் புத்தகத்தின் அளவிலேனும், 1984 இல் நீங்கியது. நான்காவது தடை இன்றும் இருக்கிறது. எங்கள் வீடுகளுக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான்.

ஒரு கல்லூரியின் பழைய மாணவிகள் நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, பெற்றுக்கொண்டவற்றைக் கணக்கெடுப்பது வழக்கம். பட்டதாரிகள் எத்தனை பேர், வைத்தியர்கள் எத்தனை பேர், அதிபர்கள் எத்தனை பேர் என்று மகிழ்வோம். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் முதல் மூன்று தடைகளும் எப்படி நீங்கின என்பதை அறிந்துகொண்டால்தான், நான்காவது ஏன் நீங்கவில்லை என்பது விளங்கும். எனவே இக்கட்டுரை வெற்றிகளில் தொடங்கி, எஞ்சியுள்ள வேலைக்கு வருகிறது.

வாக்குரிமை: கேட்டவர்களும் மறுத்தவர்களும்

1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. புதிய அரசியலமைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்று பலதரப்பினரிடமும் சாட்சியம் கேட்டது. அக்காலத்தில் வாக்குரிமை சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. மொத்த மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறிய பங்கினர்.

ஆணைக்குழு வந்த மறுமாதமே, 1927 டிசெம்பரில், கொழும்பில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், பறங்கியர் எனப் பல இனப் பெண்கள் அதில் இணைந்தனர். அதன் செயலாளர் அக்னெஸ் டி சில்வா. அவர்கள் ஆணைக்குழுவின் முன் நேரிற் சென்று பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கோரினர். அங்கே டொனமூர் பிரபு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்கிறீர்களா என்பதே அக்கேள்வி. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்பது அக்னெஸ் டி சில்வா அளித்த பதிலின் சாரம்.

இந்தப் பதிலின் பெறுமதியை உணர வேண்டுமானால் அக்காலச் சூழலை நினைக்க வேண்டும். கோரிக்கையாளர்களுட் பலர் வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். படித்த பெண்களுக்கு மட்டும் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அவர்களுடைய காரியம் இலகுவாக முடிந்திருக்கலாம். அவ்வாறு கேட்கவில்லை. இதைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

எதிர்ப்பும் சாதாரணமானதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கடுமையாக எதிர்த்தார். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவிய அதே பெருமகன்தான் அவர். பெண் படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. படித்தவள் நாட்டின் நிர்வாகத்தில் பங்கு கேட்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. கல்வி வேறு, உரிமை வேறு என்ற இந்தப் பிரிவினை அவரோடு முடிந்துவிடவில்லை. எமது சமூகத்தில் இன்றும் அது உண்டு.

ஆணைக்குழுவின் அறிக்கை 1928 இல் வெளிவந்தது. ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்கலாம் என்று அது விதந்துரைத்தது. அதே ஆண்டில் பிரித்தானியாவிலேயே பெண்களின் வாக்களிக்கும் வயது 30 இலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டது. ஈற்றில் இலங்கையிலும் இருபாலாருக்கும் 21 வயது என்றாயிற்று. 1931 யூன் மாதத் தேர்தலில் இந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944 இல். சுவிற்சர்லாந்தில் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது 1971 இல். பாரிசிலும் சூரிச்சிலும் வாழும் எமது சகோதரிகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

யாழ்ப்பாணத்துக் கதை சற்று வேறானது. டொனமூர் அரசியலமைப்பு முழுமையான சுயாட்சியைத் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாக இருந்தன. 1934 இல் இடைத்தேர்தல்கள் நடந்தபோதுதான் அவை நிரப்பப்பட்டன. ஆசியாவிலேயே முதலாவதாகக் கிடைத்த சர்வசன வாக்குரிமையை எங்கள் பாட்டிமார் மூன்று ஆண்டுகள் கழித்தே பயன்படுத்தினர்.

அதற்குள் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் அரசாங்க சபைக்குள் நுழைந்துவிட்டார். 1931 இல் கொழும்பு வடக்கில் வெற்றி பெற்ற வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் மனுவினால் ஆசனத்தை இழந்தார். 1932 இல் அதே தொகுதியில் அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து போட்டியிட்டு வென்றார். கணவரின் ஆசனத்துக்கு வந்தவர் என்று அவரை இலேசாகச் சொல்லிவிட முடியாது. 1936 பொதுத்தேர்தலிலும் மக்கள் அவரையே மீண்டும் தெரிவு செய்தனர்.

ஒரு வைத்தியரின் வழி

அந்தத் தலைமுறைப் பெண்களுள் எனது தொழிலைச் சேர்ந்த ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். வைத்தியர் மேரி இரட்ணம் கனடாவில் பிறந்து அங்கேயே மருத்துவம் கற்றவர். யாழ்ப்பாணத்தில் மிஷன் மருத்துவப் பணிக்கென 1896 இல் தெரிவு செய்யப்பட்டார். இலங்கைத் தமிழரான சாமுவேல் கனகரத்தினத்தை அவர் மணந்துகொண்டதை அறிந்ததும் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. அவர் கொழும்பில் தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஒரு பெண்ணின் தகைமையைவிட அவள் யாரை மணந்தாள் என்பதே அவளுடைய வேலையைத் தீர்மானித்தது. இக்கட்டுரையின் நான்காவது தடைக்கு வரும்போது இதே நியாயத்தை மீண்டும் காண்போம்.

அவர் கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. 1909 இல் கொழும்பில் தமிழ் மகளிர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். மகளிர் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். கிராமப் பெண்களின் சுகாதாரத்துக்கும் வருமானத்துக்கும் வழிகாட்டிய லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண் ஆனார். 1958 இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. பெண் நோயாளியின் நோய்க்கு மருந்து மட்டும் போதாது, அவளுடைய வறுமையும் உரிமையின்மையும் சேர்ந்தே அவளை நோயாளி ஆக்குகின்றன என்பதை இந்நாட்டில் முதலில் செயலிற் காட்டிய வைத்தியர்களுள் அவரும் ஒருவர்.

மருத்துவக் கல்வியின் கதவு சற்று முன்னதாகவே திறந்துவிட்டது. இலங்கை மருத்துவக் கல்லூரி 1892 இல் பெண்களை ஏற்றுக்கொண்டது. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண்கள் தேவை என்ற எண்ணம் அதற்குத் துணைநின்றது. நீதிமன்றத்துக்கு அத்தகைய காரணம் எதுவும் சொல்ல முடியவில்லை. அங்கே பெண் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே சட்டத்தொழிலில் பெண்களுக்கிருந்த தடையை நீக்க 1933 இல் தனியாக ஒரு கட்டளைச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அரசாங்க சபையில் பெண் உறுப்பினர்கள் அமர்ந்திருந்த காலத்தில், பெண்களும் வாக்களித்துத் தெரிவு செய்த சபையில், அச்சட்டம் நிறைவேறியது. இன்று யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை எமது கல்லூரியின் பிள்ளைகள் சட்டத்தரணிகளாக எழுந்து நிற்பதற்கு அச்சட்டமே வழிவிட்டது.

54 சதமும் 43 சதமும்

மூன்றாவது தடைக்கு மலையகம் செல்ல வேண்டும். எமது கல்லூரிக் காணியிலிருந்து தேயிலைத் தோட்டங்கள் தொலைவில் இருக்கின்றன என்பதால் இதை நாம் பெரும்பாலும் எமது வரலாறாகக் கருதுவதில்லை. ஆனால் இந்நாட்டில் சம்பளத்துக்கு உழைத்த பெண்களுள் மிகப் பெரிய கூட்டத்தினர் அங்கேதான் இருந்தனர். அவர்கள் பேசியதும் தமிழே.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்றும் பெண்ணுக்கு 43 சதம் என்றும் விதிக்கப்பட்டது. வேலைத்தலத்தில் பாகுபாடு என்றால், மறைமுகமாக நடப்பது, நிரூபிக்கக் கடினமானது என்று இன்று நினைக்கிறோம். அன்று மறைவு எதுவும் இல்லை. சட்டமே இரண்டு தொகைகளை அருகருகே எழுதி வைத்தது. கொழுந்து பறிப்பதில் பெண்களின் கையே சிறந்தது என்று துரைமார் சொல்லிக்கொண்டனர். தேயிலையின் வருமானம் அந்தக் கையில்தான் தங்கியிருந்தது. ஆனால் நாளுக்கு 11 சதம் குறைவாகப் பெற்றதும் அதே கைதான்.

1930களில் மீனாட்சி அம்மாள் தன் கணவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர் எளிதிற் கற்றுக்கொள்ளும் மெட்டுகளில் தானே பாட்டெழுதிப் பாடினார். பெண்களின் உரிமை பற்றிப் பத்திரிகையிலும் எழுதினார். பெண்கள் பொதுமேடையில் ஏறுவதே அரிதாக இருந்த காலம் அது. 1939 இல் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆயினும் சபைகள் அதன் பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரு சம்பளங்களையே நிர்ணயித்து வந்தன. தொழிற்சங்கப் போராட்டங்களின் பின்னர், 1984 இல்தான், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஆண் பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது.

இதே 1984 இல் இலண்டனுக்கு அருகே இன்னொரு கணக்கும் தீர்ந்தது. டகன்ஹாமில் உள்ள ஃபோர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்கள் 1968 இல் வேலைநிறுத்தம் செய்தனர். தையல் வேலையை நிர்வாகம் தேர்ச்சியற்ற வேலை என வகைப்படுத்தி, ஆண்களின் சம்பளத்தில் 85 சதவீதத்தையே அவர்களுக்குக் கொடுத்து வந்தது. அவர்கள் மூன்று வாரம் வேலைக்குப் போகாததால் உற்பத்தியே நின்றுபோனது. 1970 இல் பிரித்தானியாவில் சமசம்பளச் சட்டம் நிறைவேற அந்தப் போராட்டம் ஒரு முக்கிய காரணம். ஆனால் தங்கள் வேலை தேர்ச்சி உள்ள வேலைதான் என்பதை ஒப்புக்கொள்ளச் செய்ய அவர்களுக்கு மேலும் 16 ஆண்டுகளும் இன்னொரு வேலைநிறுத்தமும் தேவைப்பட்டன. மலையகத்துக் கொழுந்துக் கூடைக்கும் டகன்ஹாம் தையல் இயந்திரத்துக்கும் கிடைத்த பாடம் ஒன்றே. பெண் செய்யும் வேலை என்பதாலேயே அதன் விலை குறைக்கப்படுகிறது.

சமசம்பளம் கிடைத்தது என்பதால் எல்லாம் சமமாகிவிடவில்லை. ஆண்கள் கவ்வாத்து, மருந்தடித்தல் முதலிய வேலைகளைக் கணக்கு முடித்து முற்பகலோடு அல்லது பிற்பகல் தொடக்கத்தில் வீடு திரும்ப, பெண்கள் மாலை வரை மலையில் நிற்கும் வழக்கம் தொடர்ந்தது. நெடுங்காலம் பல தோட்டங்களில் சம்பள நாளன்று பெண்ணின் பணத்தைக் கணவரோ தகப்பனாரோ பெற்றுச்சென்றனர். உழைத்தது அவளுடைய கை. பேரேட்டில் கையொப்பமோ கைநாட்டோ இட்டது வேறொரு கை.

சுதந்திரத்தின் பின் எழுந்த தடைகள்

உரிமை ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடும் என்று நினைப்பது தவறு என்பதை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் காட்டின. மலையகத் தமிழரின் பெரும்பகுதியினர் பிரசாவுரிமையையும் அதனோடு வாக்குரிமையையும் இழந்தனர். அவர்களும் பெண்கள்தானே என்று டொனமூர் பிரபுவிடம் சொல்லிப் பெற்ற உரிமை இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அது முழுமையாகத் திரும்ப 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பாகுபாடும் இருந்தது. திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிரசாவுரிமை தகப்பன் வழியாகவே வரும், தாய் வழியாக வராது. வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண்ணின் பிள்ளை இந்நாட்டுப் பிரசையன்று. வெளிநாட்டுப் பெண்ணை மணந்த இலங்கை ஆணின் பிள்ளை பிரசை. இந்த விதி 55 ஆண்டுகள் நீடித்தது. மகளிர் அமைப்புகளின் நெடுங்கால வற்புறுத்தலின் பின் 2003 இல் திருத்தப்பட்டு, தாய் தகப்பன் இருவருள் எவர் வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்றாயிற்று. எமது பழைய மாணவிகள் பலரின் பிள்ளைகள் இத்திருத்தத்தினால் பயனடைந்தவர்களே.

தேசவழமையும் கணவரின் சம்மதமும்

இனி நான்காவது தடை. முதலில் தேசவழமைக்குரிய மரியாதையைச் செலுத்த வேண்டும். 1706, 1707 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரால் சரிபார்க்கப்பட்ட எமது வழக்காறு அது. ஆங்கிலேயர் 1806 இல் அதை ஏற்றுச் சட்டமாக்கினர். சீதனம் பெண்ணின் சொத்து என்று அது தெளிவாகச் சொன்னது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் உரிமையை முழுமையாகப் பெற்றது 1882 இல். எங்கள் பூட்டிமாருக்கு அது பல தலைமுறைகளுக்கு முன்பே இருந்தது. தேசவழமை பெண்ணை வெறுங்கையோடு விட்ட சட்டமன்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, மணமான பெண்ணின் தனிச்சொத்து அவளுடையதே என்கிறது. நகை, பணம் போன்ற அசையும் சொத்தை அவள் விரும்பியவாறு கையாளலாம். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இதிலே ஒரு விசித்திரமும் உண்டு. அதே காணியை மரண சாசனம் மூலம் யாருக்கும் எழுதிவைக்க அவளுக்குக் கணவரின் சம்மதம் வேண்டியதில்லை. தன் காணி தன் இறப்பின் பின் யாரிடம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவு அவளுக்கு உண்டு என்று சட்டம் ஏற்கிறது. உயிரோடிருக்கும்போது அந்த அறிவை ஏற்க மறுக்கிறது.

இன்னொரு விசித்திரம் 3 ஆம் பிரிவில் இருக்கிறது. தேசவழமைக்குட்பட்ட பெண் தேசவழமைக்குட்படாத ஒருவரை மணந்தால், அந்த மணவாழ்வு நிலைத்திருக்கும் வரை அவளுக்குத் தேசவழமை பொருந்தாது. அதற்கு உட்படாத பெண் யாழ்ப்பாணத்தவரை மணந்தால் அவள் அதற்கு உட்படுகிறாள். ஒரு தாயின் இரு பெண்களை நினைத்துப் பாருங்கள். தாயின் வளவைப் பிரித்து இருவருக்கும் சமமாகச் சீதனம் எழுதியாயிற்று. மூத்தவள் உள்ளூரில் மணமுடிக்கிறாள். இளையவள் மட்டக்களப்பைச் சேர்ந்தவரையோ ஒரு ஜேர்மனியரையோ மணமுடிக்கிறாள். வேலிக்கு இப்பாலுள்ள காணிக்குக் கணவரின் கையொப்பம் வேண்டும். அப்பாலுள்ள காணிக்கு வேண்டாம். காணி ஒன்று, தாய் ஒருத்தி. உரிமையைத் தீர்மானிப்பவர் மாப்பிள்ளை.

நாட்டின் பொதுச்சட்டத்திலும் ஒருகாலத்தில் இத்தகைய கட்டுப்பாடு இருந்தது. 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அதை நீக்கியது. கண்டியச் சட்டத்தில் அக்கட்டுப்பாடு இருந்ததேயில்லை. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. 1947 இல் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டபோதும் 6 ஆம் பிரிவின் சம்மத விதி தொடப்படவில்லை. 1978 அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்கிறது. ஆனால் 16 ஆம் உறுப்புரை, ஏற்கெனவே உள்ள சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. ஆகவே இந்த விதியை நீதிமன்றத்தில் எதிர்த்து நீக்க முடியாது. பாராளுமன்றந்தான் திருத்த வேண்டும்.

கணவர் இல்லாதவளுக்கும் கணவர் மறுப்பவளுக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது என்பது உண்மை. கணவர் கைவிட்டிருந்தால், பிரிந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தால், சித்த சுவாதீனம் இழந்திருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். 1911 இல் இந்தப் பட்டியலை எழுதியவர்கள் அபூர்வமான சில குடும்பங்களை மனத்திற் கொண்டிருப்பார்கள். போருக்குப் பின்னர் எமது மண்ணில் கணவர் இருக்குமிடம் தெரியாத பெண் அபூர்வமானவள் அல்லள். பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் சொந்தக் காணியை விற்பதற்கு முன், கணவரைத் தேடிய கதையை இன்னொரு தடவை மன்றில் சொல்லியாக வேண்டும்.

நோயும் காணியும் எவ்வளவு நெருங்கியவை என்பதை வைத்தியராக அறிவேன். அவசர சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, பிள்ளையின் இருதய நோய் என்று பெருந்தொகை தேவைப்படும் வேளையில், எமது குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதிதான். வங்கியோ நொத்தாரிசோ முதலில் கேட்பது கணவரின் கையொப்பம். அவர் வீட்டிலிருந்து மனமுவந்து கையொப்பமிட்டால் எவருக்கும் எந்தத் தடையும் தெரிவதில்லை. நல்ல மணவாழ்வில் இந்த விதி கண்ணுக்குத் தெரியாது. கெட்ட மணவாழ்வில்தான் அது கணவரின் கையில் ஆயுதமாகிறது. அடித்துத் துன்புறுத்தும் கணவரைவிட்டு விலக நினைக்கும் பெண்ணுக்குத் தன் சீதன வீடே தப்பிச் செல்லும் வழியாக இருக்க வேண்டும். அந்த வழியின் திறப்பு யாரை விட்டு விலக நினைக்கிறாளோ அவரிடமே இருக்கிறது.

எதிர்வாதங்கள்

இந்த விதியைக் காப்பவர்கள் சொல்லும் காரணங்களை மதித்துப் பார்க்க வேண்டும். பெண்ணை உறவினரோ தரகரோ ஏமாற்றிக் காணியைப் பறித்துவிடாமல் இது பாதுகாக்கிறது என்பது ஒன்று. குடும்பக் காணி கைமாறிப் போகாமல் தடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல நோக்கங்கள். ஆனால் ஏமாறுவது பெண்கள் மட்டுந்தானா? ஆண்கள் சூதிலும் குடியிலும் வெளிநாட்டு முகவரிடத்திலும் இழந்த முதுசக் காணிகளின் கணக்கை எமது ஊர்களில் யார் அறியார்? குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாதுகாப்பதே நோக்கமென்றால், அந்த வீட்டை விற்கக் கணவன் மனைவி இருவரின் கையொப்பமும் வேண்டும் என்று விதிக்கலாம். அது பாதுகாப்பு. ஒருவரிடம் மட்டும் கேட்பது பாதுகாப்பாகாது.

தேசவழமை எமது அடையாளம், அதிற் கைவைத்தால் நாம் எஞ்ச மாட்டோம் என்பது மூன்றாவது வாதம். எம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கு இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கும். ஆயினும் நாம் இன்று தேசவழமை என்று அழைப்பதன் பெரும்பகுதி 1911 இலும் 1947 இலும் சட்டசபையில் திருத்தப்பட்டதே. திருத்தியபோது அடையாளம் அழியவில்லை. கணவரின் கையொப்பம் எமக்கே உரிய பண்பாடும் அன்று. பிரான்சில் மணமான பெண் கணவரின் சம்மதமின்றி வங்கிக் கணக்குத் திறக்கவும் வேலைக்குப் போகவும் உரிமை பெற்றது 1965 இல். சுவிற்சர்லாந்தில் கணவரைக் குடும்பத் தலைவராக்கிய பழைய திருமணச் சட்டம் 1988 இல்தான் நீங்கியது. அந்நாடுகள் அதை நீக்கியதால் பிரெஞ்சுக்காரரோ சுவிஸ்காரரோ தம் அடையாளத்தை இழந்துவிடவில்லை. தேசவழமையின் உயிர் பெண்ணுக்குச் சொத்து உண்டு என்பதில் இருக்கிறது. கணவரின் கையொப்பம் பின்னர் போட்ட பூட்டு. பூட்டைக் கழற்றினால் வீடு விழாது.

இது எம்மவருக்கு மட்டுமுரிய சிக்கலும் அன்று. முஸ்லிம் திருமணச் சட்டத்தின் கீழ் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று முஸ்லிம் சகோதரிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது தங்கள் கையொப்பம் இடப்பட வேண்டும் என்பது. நாம் கேட்க வேண்டியது எங்கள் கையொப்பமே போதும் என்பது. இரண்டும் ஒரே கேள்விதான்.

நூற்றாண்டில் ஒரு வேலை

முதல் மூன்று தடைகளும் தாமாக நீங்கவில்லை. பெண்கள் சங்கமாகக் கூடினார்கள், மனு எழுதினார்கள், ஆணைக்குழுவின் முன் நேரிற் போனார்கள், வேலையை நிறுத்தினார்கள். நான்காவது தடை பற்றி மகளிர் அமைப்புகளும் பெண் சட்டத்தரணிகளும் பேசிவருகிறார்கள். ஆனால் அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் நாங்கள், சீதன உறுதியைப் பெட்டியில் வைத்திருக்கும் படித்த பெண்கள், ஒரு குரலாகச் சேர்ந்து கேட்டதில்லை. எங்களுக்கு அது அவசரமாகத் தோன்றவில்லை. எங்கள் கணவர்மார் கையொப்பமிட்டார்கள். ஆகவே கையொப்பமிட ஆளில்லாதவளை நாங்கள் நினைக்கவில்லை. 1927 இன் பெண்கள் அப்படி நினைத்திருந்தால் மலையகப் பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே சங்கத்தின் நூற்றாண்டு நினைவாக ஒரு வேலையை முன்வைக்கிறேன். 6 ஆம் பிரிவில் கணவரின் சம்மதம் பற்றிய ஒரு சில சொற்களை நீக்குவதே தேவையான திருத்தம். எமது பழைய மாணவிகளுள் சட்டத்தரணிகள் பலர் உள்ளனர். அவர்கள் அத்திருத்தத்தை எளிய தமிழில் விளக்கி ஒரு மனுவாக வரையட்டும். யாழ்ப்பாணம், கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி, பாரிஸ் எனச் சங்கத்தின் கிளை உள்ள ஊர்களிலெல்லாம் அது ஒரு கூட்டத்திலேனும் வாசிக்கப்பட்டு விவாதிக்கப்படட்டும். உடன்படாதவர்கள் தங்கள் காரணத்தைச் சொல்லட்டும். உடன்படுபவர்கள் ஒப்பமிடட்டும். நீதி அமைச்சுக்கும் வடமாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் அதை அனுப்பலாம். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நிதி சேர்க்கும் அதே ஊக்கத்தோடு செய்தால் இதுவும் முடியும்.

கல்லூரி அன்னை எமக்கு முதன்முதற் கற்றுத்தந்தது எங்கள் பெயரை எழுத. பாலர் வகுப்பில் இரட்டைக்கோட்டுக் கொப்பியில் எழுதிப் பழகிய அந்தப் பெயர், எங்கள் காணி உறுதியின் அடியில் தனியாக நிற்கவும் போதுமானதாக இருக்க வேண்டும்.